குளத்தைச் சுற்றி ஒரு மறைப்பு

பிரான்சில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் கடை வைத்துச் சாறிச் சட்டை தைக்கும் அற்புதராணிக்கு ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி வேண்டும். எதிர்க் கடை வாசலில் யார் யாரோடு நின்று என்ன கதைக்கிறார்கள் என்று பார்க்கக் கண்ணாடி வேண்டாம். விடுப்புப் பார்ப்பதில் அவளை வெல்லத் தமிழ்க் கடைகள் நிறைந்த அந்த லாச்சப்பலில் ஆள் கிடையாது. அப்படிப்பட்டவள் ஒரு குளிர்காலம் முழுவதும் ஊர்க்கதைகளையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, கடைக்கு வந்தவர் போனவர் எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நீச்சல் குளத்தைச் சுற்றி என்ன நட்டால் நல்லது?

"சும்மா, அழகுக்குத்தான்" என்று ஒவ்வொரு முறையும் சேர்த்துக்கொள்வாள். அது பச்சைப் பொய்.

குளம் அவர்கள் ஆசைப்பட்டு வெட்டியதல்ல. புறநகரான ஆர்ஜொந்தெயில் ஒரு பழைய வீட்டை அவளும் கணவர் சவிரிமுத்துவும் வாங்கியபோது, பின்வளவில் அதுவும் நீலமாகக் கிடந்தது. பிள்ளைகள் இருவரும் வேலைக்கென்று வேறு நகரங்களுக்குப் போய்விட்டார்கள், குளிக்க ஆளில்லை. சவிரிமுத்து முதல் நாளே அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "இதுக்குள்ள மண்ணைக் கொட்டினால் அந்தமாதிரிக் கத்தரித் தோட்டம் போடலாம்" என்றார். உணவகச் சமையலறையில் காலம் முழுக்க மற்றவன் விளைவித்த கத்தரிக்காயை வெட்டியவருக்கு அந்த ஆசை வந்ததில் குற்றமில்லை. அற்புதராணி அழாத குறையாகக் கெஞ்சியதில் ஒரு தவணை கொடுத்தார். இரண்டு கோடை முடியும் வரைக்கும் பார்ப்பாராம். அதற்குள் அந்தத் தண்ணீரில் ஒரு ஆளும் இறங்காவிட்டால் மண்தான்.

இறங்க ஒரு ஆள் இருந்தாள். அது அவருக்குத் தெரியாது.

மன்னாரில் சண்டை முற்றிய நாளில் பேசாலையிலிருந்து இராமேஸ்வரத்துக்கு வள்ளம் ஏறியபோது இருவரும் கல்யாணம் கட்டிய புதிது. சவிரிமுத்து கடலில் பிறந்து வளர்ந்தவர். அவளோ கடலுக்குத் தூரத்து ஊர்க்காரி, நீச்சல் தெரியாதவள். நடுக்கடலில் ஒரு அலை அடித்தபோது அவர் கழுத்தைக் கட்டிப் பிடித்துக் கத்தியிருக்கிறாள். அன்றிலிருந்து எந்தக் கல்யாண வீடானாலும் முதல்நன்மை விருந்தானாலும் அவர் அந்தக் கதையைச் சொல்லாமல் சாப்பிட உட்காருவதில்லை. "கடல் என்னைக் கொல்லேல்லை. இவ பிடிச்ச பிடியிலைதான் சீவன் போகப் பாத்தது" என்று முடிப்பார். சபை சிரிக்கும், அவளும் சிரிப்பாள். உள்ளே எரியும்.

எரிந்து எரிந்து ஒருநாள் துணிந்துவிட்டாள். திங்கட்கிழமைகளில் கடை பூட்டு. நூலும் கொக்கியும் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு நகரசபை நீச்சல் குளத்துக்குப் போய்ப் பழகினாள். முதலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலடித்தாள். பிறகு ஒரு பலகையை அணைத்துக்கொண்டு. பிறகு பலகையும் இல்லாமல். இப்போது ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கால் ஊன்றாமல் போவாள். இனி ஒரே ஒரு ஆசைதான். சொந்த வீட்டுக் குளத்தில், சவிரிமுத்துவின் கண் முன்னால், ஒரு கரை நீந்திக் காட்டவேண்டும். அதோடு அந்த வள்ளக் கதை முடிய வேண்டும்.

தடை ஒன்று இருந்தது. பின்வேலிக்கு அப்பால் ஒரு மாடிக் கட்டடம். அதன் இரண்டாம் தட்டில் துஷ்யந்தி குடியிருந்தாள். தேவாலயத்துத் தமிழ்ப் பூசையில் பாடகர் குழுவில் பாடுகிறவள். அவளுடைய பல்கனியில் நின்றால் குளத்தின் அடி கூடத் தெரியும். துஷ்யந்தி கெட்டவள் என்று சொல்ல முடியாது. கண்டதைச் சொல்வாள், அவ்வளவுதான். ஆனால் காண்பதெல்லாம் அவளுக்குச் சொல்லத் தக்கதாகவே இருக்கும். நகரசபைக் குளத்தில் முன்பின் தெரியாத சனத்துக்கு நடுவே நீச்சலுடையோடு நடக்க அற்புதராணி கூச்சப்பட்டதில்லை. துஷ்யந்தி பார்த்தாளோ, வருகிற ஞாயிறு பூசை முடிவதற்குள் லாச்சப்பல் முழுவதும் அவளை நீச்சலுடையில் பார்த்த மாதிரித்தான். அதனால்தான் செடி. பச்சைப் பசேலென்று, ஆள் உயரத்துக்கு மேலே, ஊர்க் கிணற்றடி மறைப்பைப் போல ஒன்று வேண்டும்.

கடைக்கு வந்தவர்கள் யோசனைக்குக் குறை வைக்கவில்லை. கூசேன்வில்லில் விமான நிலைய வேலை செய்யும் ஒருவர் வாழை என்றார். தன் மச்சான் வளர்க்கிறாராம், குளிர் தொடங்க அதற்குக் கம்பளி சுற்றிப் பிள்ளையைப் போலப் பார்க்கிறாராம். மூங்கில் என்றார் இன்னொருவர். சட்டை அளவு கொடுக்க வந்த ஒரு பெண், தெற்கே விடுமுறைக்குப் போன இடத்தில் குளங்களைச் சுற்றி ரோசா நிறத்தில் அலரி பூத்துக் கிடந்ததைச் சொன்னாள். அலரி என்றதும் கடையிலிருந்த மற்றவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். துயா என்ற ஊசியிலை மர வேலி மலிவு என்று வேறொருவர் சொல்ல, கல்லறைத் தோட்டத்தை நினைத்து அற்புதராணியே கையை உதறினாள்.

"உது சேமக்காலையிலை நிக்கிற மரமெல்லோ. குளிக்கப் போகேக்க மெழுகுதிரியும் கொண்டு போறதே?"

கல்யாணச் சட்டை எடுக்க நிரோஜினி வந்தது அந்த நேரத்தில்தான். பிரான்சிலேயே பிறந்த பிள்ளை. தோட்டம் அமைக்கப் படித்துவிட்டு ஒரு பெரிய செடிக்கடையில் வேலை செய்கிறாள். தமிழ் பேசுவாள், ஆனால் நடுவில் கல் தடுக்கினால் பிரெஞ்சில் பாய்ந்து கடந்துவிடுவாள். அற்புதராணி அவளைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, துருவத் தொடங்கினாள்.

"மூங்கில் எப்பிடிப் பிள்ளை?"

"சில மூங்கில் ஓடும் அன்ரி. வேர் ஓடிப் போய் குளத்துக்க இருக்கிற நீல ரப்பரைக் குத்தும். ஓடாத ஜாதியும் இருக்கு. ஆனா வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா இலை கொட்டும்."

"ரோசா?"

"முள்ளு. வெறுங்காலோட நடப்பீங்கள்."

"லாவண்டர்?"

"நல்ல வாசம். தேனீயும் அதைத்தான் சொல்லும்."

"அலரி, பிள்ளை? விசம் எண்டு இவையள் பயப்படீனம்."

"அதுவும் இருக்கு. ஆனா இஞ்ச ஒரு பெரிய பனி வந்தா, அது ஆரையும் கொல்ல முதல் அதுதான் சாகும்."

ஒவ்வொரு செடிக்கும் ஒவ்வொரு குணம் இருப்பது அற்புதராணிக்குப் பெரிய புதினமாக இருந்தது. மனிசரைப் போலத்தான் என்று நினைத்துக்கொண்டாள். ஒன்று ஊருக்குள் வேரோட்டும், ஒன்று குத்தும், ஒன்று எந்நேரமும் எதையாவது கொட்டிக்கொண்டேயிருக்கும். இன்னும் கேட்டாள். எது குளிருக்குத் தாக்குப் பிடிக்கும், எது குளத்து மருந்துத் தண்ணீர் தெறித்தால் கருகும், எதன் பழம் விழுந்தால் கல்லில் கறை பிடிக்கும். நிரோஜினி பொறுமையாகச் சொல்லிக்கொண்டு வந்தவள், திடீரென்று நிறுத்தி, இவளையே ஒரு கேள்வி கேட்டாள்.

"அன்ரி, நீங்கள் எந்த மாசம் குளிப்பீங்கள்?"

"நானோ? நான் எங்கை குளிக்கிறது? அழகுக்கு..." என்று தொடங்கியவள், அந்தப் பிள்ளையின் கண்ணைப் பார்த்து, குரலைத் தாழ்த்தினாள். "ஆனி, ஆடி, ஆவணி. அதுக்குப் பிறகு தண்ணி ஐஸ்தானே."

"மார்கழியில குளிக்க மாட்டீங்கள்."

"எனக்கென்ன விசரே?"

"பிறகு ஏன் மார்கழியில மறைப்பு?"

அற்புதராணி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். வேலி என்றால் பன்னிரண்டு மாதமும் நிற்கவேண்டும், ஒரு நாள் சரிந்து கிடந்தாலும் வீட்டுக்கு மரியாதை இல்லை. அப்படித்தான் அவள் வளர்ந்தாள். அதற்கு மேல் அவள் யோசித்ததே இல்லை. குளிரைத் தாங்கி நிற்கும் செடியைத் தேடி ஒரு குளிர்காலத்தைத் தொலைத்திருக்கிறாள். அவளுக்கு வேண்டியிருந்ததோ குளிர் வந்ததும் படுத்துவிட்டு, வெயில் வந்ததும் எழும்புகிற ஒன்று.

அப்படி ஒன்று இருப்பதாக நிரோஜினி சொன்னாள். மிஸ்காந்துஸ் என்று பெயர். கரும்புக்குச் சொந்தக்காரப் புல். கோடையில் ஆள் உயரத்தைத் தாண்டும், தோகை விரிந்து மறைக்கும், வேர் இருந்த இடத்திலேயே இருக்கும். மார்கழியில் வைக்கோலாகக் காய்ந்து நிற்கும். குளம் மூடிக்கிடக்கும் மாதங்களில்தான் இலை கொட்டும். மாசி முடிவில் வெட்டிவிட்டால் திரும்ப வரும். இலை ஓரம் மட்டும் கையைக் கீறும், அதனால் கரையிலிருந்து ஒரு கை தள்ளி நடவேண்டும். கைத்தொலைபேசியில் படத்தைப் பார்த்த அற்புதராணி, "அட, நாணல்" என்றாள். அதற்குப் பிறகு மிஸ்காந்துஸ் என்ற பெயரை அவள் வாயால் யாரும் கேட்கவில்லை.

பனி விட்டதும் நட்டார்கள். நாணல் அவள் அவசரத்தைப் பொருட்படுத்தவில்லை. முதல் வருடக் கோடையில் இடுப்பளவில் நின்று யோசித்தது. தண்ணீர் குளிர்ந்து குளத்தை மூடிய பிறகு சடசடவென்று வளர்ந்து, ஐப்பசியில் அவள் தலைக்கு மேலே வெள்ளிக் குஞ்சம் கட்டிக்கொண்டு ஆடியது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பரவாயில்லை. இனி அடுத்த கோடை இருக்கிறது. துஷ்யந்தியின் பல்கனி இருந்த இடத்தில் இப்போது குஞ்சம் மட்டும்தான் தெரிந்தது.

மார்கழியில் அவள் இருட்டோடு ரயில் ஏறி, இருட்டோடு வந்து இறங்குகிறவள். கல்யாணச் சட்டைகள் குவிந்துவிட்டதால் திங்கட்கிழமையும் கடையிலேயே போனது. பின்வளவைப் பார்த்துப் பல நாளாகிவிட்டது. ஞாயிறு பூசைக்குப் போனபோது தேவாலயத்தின் ஓரத்தில் கிறிஸ்மஸ் பாலன் குடிலைச் சுற்றிக் கூட்டம் நின்றது. குடில் கட்டும் குழுவுக்கு வழக்கம்போல சவிரிமுத்துதான் தலைவர். மற்ற வருடங்களில் கூரைக்குக் கடைப் பிளாஸ்டிக்தான். இந்த முறை உண்மையான வேய்ச்சல். பொன் நிறத்தில், வரிசை பிசகாமல், ஓரத்தில் வெள்ளிக் குஞ்சம் தொங்க.

"அண்ணை, உந்தப் புல்லு எங்கை எடுத்தனீங்கள்?" என்று ஒருவர் கேட்டார்.

"எல்லாம் எங்கடை வளவுச் சாமான்தான்" என்றார் சவிரிமுத்து. முகத்தில் அவ்வளவு பெருமை.

அற்புதராணி குனிந்து பார்த்தாள். தன் நாணலை அவளுக்குத் தெரியாதா? நெஞ்சு பற்றி எரிந்தது. பாலனுக்கு முன்னால் நின்று புருசனைத் திட்டக்கூடாது என்பதால் முழந்தாளிட்டுப் பல்லைக் கடித்தாள். பார்த்தவர்கள் என்ன பக்தி என்று நினைத்திருப்பார்கள். பக்கத்தில் துஷ்யந்தி வந்து முழந்தாளிட்டு, "அக்கா, உங்கடை வீட்டுக் குளம் இப்ப வடிவாத் தெரியுது" என்று காதுக்குள் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "ஏன் வெட்டினீங்கள்?"

"செத்த புல்லுத்தானே. காய்ஞ்சு போய் நிண்டது. அப்பிடி ஒரு வேய்ச்சல் புல்லை எங்கடை ஆக்கள் ஆராவது வெட்டாமல் விடுவினமோ?"

"அது சாகேல்லை. படுத்திருந்தது."

அவர் அவளை விசித்திரமாகப் பார்த்தார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. ஆனால் சொன்னால் முதலில் சிரிப்பார், பிறகு வள்ளம் வரும். அவள் சொல்லவில்லை. போய் நிரோஜினிக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"எவ்வளவு உயரத்தில வெட்டினவர்?" என்றாள் நிரோஜினி.

"நிலத்தோட."

"செத்துப்போகாது எண்டு நினைக்கிறன் அன்ரி. ஆனா மழைத் தண்ணி தேங்கி ஐஸ் ஆகினா, அடி அழுகும். இலைச் சருகு போட்டு மூடுங்கோ. மேல துணி. பிளாஸ்டிக் வேண்டாம், அதுக்கு மூச்சு விட வேணும்."

துணிக்கு அவளிடம் பஞ்சமா? சட்டைகளுக்கு உள்ளே வைக்கும் பருத்தித் துணியில் மிஞ்சியதையெல்லாம் கொண்டுவந்து, ஒவ்வொரு அடிக்கட்டைக்கும் சருகு நிரப்பிச் சுற்றிக் கட்டினாள். மஞ்சள், சிவப்பு, கிளிப்பச்சை. அடுத்த ஞாயிறே சவிரிமுத்துவுக்குப் புதுக் கதை கிடைத்தது. "எங்கடை ஆள் இப்ப புல்லுக்கும் சட்டை தைக்கிறா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மாசி போனது. பங்குனியில் அயல் வளவுகளில் ரியூலிப் பூத்தது. அவளுடைய கட்டைகள் அசையவில்லை. காலையில் ரயிலுக்கு ஓடும் அவசரத்திலும் ஒருமுறை குனிந்து, துணியை விலக்கி, விரலால் கிண்டிப் பார்க்காமல் போகமாட்டாள். மண் சுடவேண்டும், அதுவரை அது தலை காட்டாது என்று நிரோஜினி சொல்லியிருந்தாள். சொன்னதில் நம்பிக்கை இருந்தது, பொறுமைதான் இல்லை. சித்திரை முடிந்த பிறகு ஒரு காலையில் குண்டூசி முனை போல ஒரு பச்சை தெரிந்தது. அற்புதராணி ஈர மண்ணில் அப்படியே குந்திவிட்டாள். அன்று ரயிலை விட்டாள், கடையைப் பிந்தித் திறந்தாள், அதைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் வரவில்லை.

ஆனால் எல்லாம் முளைக்கவில்லை. வளவின் பள்ளப் பக்கத்தில் தண்ணீர் நின்று, அங்கே இருந்தவை அழுகிவிட்டன. அந்தப் பள்ளம் சரியாக துஷ்யந்தியின் பல்கனிப் பக்கம். மற்றப் பக்கங்களில், யாருமே எட்டிப் பார்க்காத திசைகளில், நாணல் கொழுத்து நெஞ்சளவுக்கு வந்தது.

ஆனி பிறந்து வெயில் கொளுத்தத் தொடங்கியது. ஒரு ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவிக்கொண்டே சவிரிமுத்து சொன்னார்: "லொறிக்காரத் தம்பியோட கதைச்சிட்டன். செவ்வாய் மண் வருது. இப்ப போட்டால்தான் கடைசிக் கத்தரியாவது பிடிக்கும்."

"தவணை இன்னும் முடியேல்லை."

"ஆர் இறங்கப் போகினம்? நீரோ?"

"ஓம். நான்தான். மண் லொறியை மறியுங்கோ. நான் நீந்தப் போறன்."

அவர் கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தார். "நீரோ? அண்டைக்கு வள்ளத்திலை..."

"அந்தக் கதை எனக்குத் தெரியும். நானும் அந்த வள்ளத்திலைதான் இருந்தனான்."

சிரிப்பு அப்படியே நின்றது. அவள் உள்ளே போய் நீச்சலுடைக்கு மேலே ஒரு வீட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கட்டில் போர்வையை உருவி எடுத்து வந்து அவர் கையில் திணித்தாள். நாணல் அழுகிய இடத்தைக் காட்டினாள்.

"அதிலை நிண்டு இதை உயத்திப் பிடியுங்கோ. துஷ்யந்தி பாக்கப்படாது."

சவிரிமுத்து சொன்னபடி செய்தார். இரண்டு கையையும் அகல விரித்து, போர்வையை முதுகுக்குப் பின்னால் வள்ளத்துப் பாய் போலப் பிடித்துக்கொண்டு நின்றார். அற்புதராணி சட்டையைக் கழற்றிவிட்டு ஏணியில் இறங்கினாள். குளிர் தொடையைப் பிடித்தது, வயிற்றைப் பிடித்தது. அவளுக்குப் பயமாக இருந்தது, தண்ணீரை நினைத்தல்ல. இத்தனை மாதம் எண்ணி எண்ணி வைத்திருந்த அந்த ஒரு கரை, இவர் கண்ணுக்கு முன்னால் பாதியில் பிழைத்துவிடுமோ என்றுதான்.

"ஆழம் பாத்து, ராணி. கம்பியை விடாதையும்" என்றார் அவர். குரலில் கேலி இல்லை, கலக்கம் இருந்தது.

அவள் கம்பியை விட்டாள். முகத்தை அமிழ்த்தி, சுவரைக் காலால் உதைத்தாள். கை நீண்டது, கால் பின்னால் விரிந்து சேர்ந்தது. ஒரு மூச்சு, ஒரு வீச்சு. அவர் போர்வையோடு கரையோரம் அவளுக்குச் சமமாக நடந்து வருவது ஓரக்கண்ணில் தெரிந்தது. குளத்தின் நடுவுக்கு வந்தபோது அந்த நிழல் நின்றுவிட்டது. அவள் நிற்கவில்லை. மறு கரைக் கல்லைத் தொட்டாள், திரும்பினாள்.

போர்வை தரையில் கிடந்தது. சவிரிமுத்து இரண்டு கையும் தொங்க, வாயைத் திறந்தபடி நின்றார். அவருக்குப் பின்னால், இரண்டாம் தட்டில், தேத்தண்ணிக் கோப்பையோடு துஷ்யந்தி.

அற்புதராணி சட்டென்று கழுத்துவரை தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டாள். போர்வையைத் தூக்குங்கோ என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவர் பதறிக் குனிந்து தூக்கியிருப்பார். ஆனால் தூக்கினால் அவர் போர்வையைத்தான் பார்ப்பார். இப்போதோ அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை வருடத்தில் ஒருநாளும் அவர் அவளை அப்படிப் பார்த்ததில்லை. அவள் சுவரை மறுபடியும் உதைத்தாள்.

"சவிரியண்ணை" என்று மேலேயிருந்து துஷ்யந்தியின் குரல் வந்தது. "ராணியக்கா எப்ப நீந்தப் பழகினவ?"

மனைவியைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் அவள் வாயைத் திறக்குமுன் பதில் சொல்கிற மனிதர் சவிரிமுத்து. அண்ணாந்து பார்த்தார். பிறகு குளத்தைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாது, பிள்ளை" என்றார். "அவவைத்தான் கேக்க வேணும்."

சொல்லிவிட்டு, கண்ணைக் குளத்திலிருந்து எடுக்காமலே காற்சட்டைப் பையைத் தடவிக் கைத்தொலைபேசியை எடுத்து, லொறிக்காரத் தம்பியின் இலக்கத்தைத் தேடினார்.